கயிற்றில் இரண்டு பேருக்குத்தான் இடம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு நான் தோண்டியதையும் கட்டியதையும் முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பயணத்துக்கு வருவோம். விக்கிரவாண்டியிலிருந்து மயிலம் வரைக்கும் நூற்றுக்கு மேல் கிணறு வெட்டியிருக்கிறேன். ஒன்றுகூடச் சரிந்ததில்லை. முதல் கிரேனை எனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. பழைய லாரி கியர்பாக்ஸை வாங்கி நானே வெல்டிங் வைத்துச் செய்தேன். "படிப்பு என்ன?" என்று கேட்டுச் சிரித்து ஒரு பேங்க் மேனேஜர் திருப்பி அனுப்பினாரே, விழுப்புரத்தில் அதே தெருவில் எனக்கு இரண்டு மாடி வீடு. பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி என்ஜினியர், ஒருத்தி வக்கீல். திண்டிவனத்துக்கு மேற்கே, இது பாறை, இதில் ஒன்றும் வராது என்று மூன்று கண்ட்ராக்டர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு போன நிலத்தில் தண்ணீர் கண்டவன் நான். கடைசியாக, அறுபத்தொரு வயதில், எங்கள் நடைப்பயிற்சிச் சங்கத்தின் முதல் இமயமலை ஏற்றம். அதைக் கட்டியதும் நான்தான்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தாருங்கள், இனிமையான அனுபவமாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். இனிமை எங்கே இருக்கிறதோ அங்கே தானாக வரும்.

எங்கள் சங்கம் திண்டிவனத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் செஞ்சிக்குப் போய் ராஜகிரி மலை ஏறுவோம். கடைசியாக ஏறி வருகிறவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பல வருடமாக இதுதான் பழக்கம். போன வருடம் நாங்கள் கொஞ்சம் பேர் மணாலிப் பக்கம் ஒரு கணவாய் வரை ஆறு நாள் நடந்து திரும்பினோம். அப்போது எதிர்ச் சரிவில் நாலைந்து பேர் ஒரே கயிற்றில் எறும்பு மாதிரி பனியில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கயிறு என்றால் என் கண் அங்கேயே நின்றுவிடும்.

"அது இன்னா சார், அப்படி ஏறறாங்க?" என்று கேட்டேன்.

"அது மவுண்டனீரிங், கண்ட்ராக்டரே. நாம ட்ரெக்கிங்கு. அது நமக்கு இல்ல," என்றார் சேகர் சார். இவர் எங்கள் சங்கத் தலைவர். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எனக்கு இல்லை என்று ஒருவர் சொன்னால் போதும். ஊர் திரும்பிய மறுநாளே ஆரம்பித்தேன்.

நான்கு பேர் சேர்ந்தோம். நான். சேகர் சார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் சகாயமேரி சிஸ்டர். டெல்லியில் எட்டு வருடம் இருந்தவர், இந்தி தண்ணீர் பட்டபாடு. நான்காவது குமரவேல், என் மனைவியின் அண்ணன் மகன், விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். செஞ்சியில் ஒரு முறைகூட டீ வாங்கித் தராதவன் அவன் ஒருவன்தான். அவ்வளவு கால்.

பனிமலை ஏற கைடு வேண்டும். சேகர் சார் ஒரு கம்பெனியைப் பிடித்தார்; நாலு பேருக்கு ஒரு கைடு போதும் என்றது அது. சிஸ்டர் தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் தோர்ஜே என்கிற கைடைப் பிடித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர் பேசப் பேச எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "ஒரு கைடு, அவர் கயித்துல ரெண்டு பேரு. மூணாவது ஆள நான் கட்ட மாட்டேங்கறாரு. ஒருத்தர் வழுக்கினா ரெண்டு பேர என்னால நிறுத்த முடியும், மூணு பேர முடியாது, அதனால நாலு பேருக்கு ரெண்டு கைடுங்கறாரு."

எனக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துவிட்டது. குமரவேலுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னா மாமா, கல்யாணத்துக்கு ரெண்டு ஐயர் வச்ச மாதிரி. ஒரு மலைக்கு ரெண்டு கைடா?"

"கெணத்துல ஆள எறக்கினா மேல எத்தினி பேர நிக்க வைக்கறேன் நானு?"

"ரெண்டு பேர."

"ஏன்?"

"ஒருத்தன் ஒண்ணுக்குப் போனா இன்னொருத்தன் இருக்கணும்."

"அவ்ளோதான்டா. மலை இன்னா, கெணத்தத் திருப்பி வச்சா மலை."

இரண்டு கைடு என்று முடிவு செய்தது நான். வழியில் எது நடந்தாலும் இருக்கட்டும் என்று கையிருப்பாக ஒரு நாள் சேர்த்ததும் நான். "வெட்டி நாளு" என்று சேகர் சார் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். பனிக்கோடாரி, ஷூவுக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பல், இடுப்புப் பட்டை எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், ஷூவை மட்டும் தடி காலுறை போட்டு அளவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோர் காலையும் காகிதத்தில் வரைந்து முன்கூட்டியே அனுப்பியதும் நான். முதுகில் பத்துக் கிலோ தண்ணீர் கேன் இல்லாமல் ராஜகிரியில் ஏறக் கூடாது என்று ஐந்து மாதம் விரட்டியதும் நான்.

தோர்ஜே என் வயதைக் கேட்டதும் முடியாது என்றார். நான் வாதாடவில்லை. அறுபது அடிக் கிணற்றில் இறங்கி, கயிற்றைப் பிடித்துக் கையால் ஏறி வந்தேன். குமரவேல் அதை மேலே இருந்து படம் பிடித்து அனுப்பினான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சிஸ்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "அங்கிள்ஜி வரட்டும். டிரெட்மில் டெஸ்ட் எடுத்துட்டு வரட்டும். ஆனா இனிமே ஹெல்மெட் இல்லாம இந்த வேலை பண்ண வேணாம்னு சொல்லுங்க."

ஜூன் மாதம் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறினோம். பிளாட்பாரத்தில் கம்பளிக் குல்லாவைப் போட்டுப் பார்த்தான் குமரவேல். வெயிலில் நின்றிருந்த ஒரு பூக்காரம்மா, "தம்பிக்கு ஜுரமா?" என்று கேட்டார்.

ரயில் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நாக்பூருக்குப் பிறகு சாம்பார் என்ற பெயரில் வந்ததை எதிர் சீட்டு ராணுவக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, உங்கள் ஊரில் இதை ரசம் என்பார்களா என்று கேட்டதாகச் சிஸ்டர் சொன்னார். நான் அவருக்கு மல்லாட்டை உருண்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை கொடுத்தேன். வெல்லமும் வறுத்த மல்லாட்டையும், என் பெரிய மகள் பிடித்துக் கொடுத்தது. நான்கு கிலோ கொண்டுபோனேன். "மாமா கடை போடப் போறாரு" என்று குமரவேல் வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தான்.

மூன்றாம் நாள், டெல்லியிலிருந்து ஏறின பஸ் மலை வழியில் நின்றது. முன்னால் மண் சரிந்து பாதி ரோடு ஆற்றில் கிடந்தது. ஒரே ஒரு மண்வாரி இயந்திரம் வேலை செய்தது. ஓட்டுகிறவன் சரிவின் அடியிலிருந்தே மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான். அப்படி அள்ளினால் மேலே இருக்கிற மண் அவன் மேலேயே சரியும். இறங்கிப்போய்க் கையைக் காட்டினேன். இந்தி எனக்குத் தெரியாது, தமிழ் அவனுக்குத் தெரியாது. கை தெரியும். மேலே இருந்து அள்ள ஆரம்பித்தான். அப்படியும் அன்று முழுக்க அங்கேதான். ரோட்டோரக் கடையில் ஒரு அம்மா சுடச்சுட உருளைக்கிழங்கு பராத்தா போட்டார். மேலே வெண்ணெய்க் கட்டி. நம் ஊரில் கேப்பை அடைக்கு முருங்கைக் கீரை போடுகிற கை அது. மாவு மட்டும் வேறு. ஐந்து சாப்பிட்டேன்.

ஆக, வெட்டி நாள் என்றார்களே, அந்த நாள்தான் அங்கே எங்களைக் காப்பாற்றியது.  

தோர்ஜே நேரில் ஒல்லியான ஆள், நாற்பது வயசிருக்கும், கன்னம் வெயிலில் வெந்து செம்பு நிறம். இரண்டாவது கைடு கிஷன், அதிகம் பேசாதவர். மலை அடிவார முகாமுக்கு நடந்து போய்ச் சேர்ந்தோம். புல்வெளி, நடுவே ஓடை, தலைக்கு மேல் வெள்ளையாக நாங்கள் ஏற வேண்டிய சிகரம். குக்கர் விசில் சத்தம் கேட்டது. அந்த உயரத்தில் பானையில் அரிசி வேகாதாம், குக்கர் இல்லாவிட்டால் பருக்கை நாளெல்லாம் கல்லாகவே கிடக்குமாம். சமையல்காரர் ராஜ்மா சோறு போட்டார். நான் கொண்டுபோயிருந்த கேப்பை மாவில் கூழ் காய்ச்சி, வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தேன். சமையல்காரர் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்து, இது எங்கள் பாட்டன் சாப்பாடு, நாங்கள்தான் விட்டுவிட்டோம் என்றார்.

மறுநாள் உடம்பு உயரத்துக்குப் பழகுகிற நாள். மேலே மெதுவாக ஏறி, கொஞ்சம் இருந்து, கீழே வந்து தூங்க வேண்டும். "பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் வேகம். மூச்சு வாங்கினால் அது தப்பு," என்றார் தோர்ஜே. சிஸ்டர் இரண்டு முறை தமிழில் சொன்னார்.

பாதி ஏறியதும் குமரவேல் திரும்பி, "இன்னிக்கு டீ யாரு?" என்றான். செஞ்சி என்று நினைப்பு. ஐந்து மாதம் அங்கே ஓடிப் பழகின கால். யாரோ விசில் ஊதினார்கள். யார் என்று நான் எழுத மாட்டேன். எங்கள் நாலு பேரில் கழுத்தில் விசில் மாட்டியிருந்தவர் ஒருவர்தான். குமரவேல் ஓடினான். தோர்ஜே கத்தினார், அவன் அதை உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு கையை ஆட்டினான். நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன்.

"டீ மாமாதான்!"

"கொடுக்கறேன்டா. அடிவாரத்துக்கு எறங்கி ஊதி ஊதிக் குடி."

அதற்கும் மறுநாள் இரும்புப் பல் மாட்டி நடக்கவும், வழுக்கினால் பனிக்கோடாரியைக் குத்தி நிற்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். கயிற்று முடிச்சு போடச் சொன்னபோது நான் போட்ட முடிச்சைத் தோர்ஜே அவிழ்த்துப் பார்த்தார், மறுபடி போடச் சொன்னார், கிஷனைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த இடத்தில் அடக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த முகாமில் அன்றைக்கு முடிச்சில் என்னை மிஞ்சிய ஆள் யாரும் இல்லை.

அடுத்த நாள் மேல் முகாம். பனியின் விளிம்பில் மூன்று கூடாரம். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் சேர்ந்துவிட்டோம். விடிவதற்கு வெகு நேரம் முன்னால் உச்சிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் சாயங்காலமே சாப்பிட்டுப் படுக்கச் சொன்னார்கள். நாளைக்கு ஒரு நாள்தான் வானம் திறந்திருக்கும், அதன் பிறகு மழை என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்களாம். கையிருப்பு நாளும் மண்சரிவில் போய்விட்டது. நாளை விட்டால் இல்லை.

விரலில் மாட்டி மூச்சு அளக்கிற கிளிப்பைத் தோர்ஜே கொண்டுவந்தார். எனக்கு எண்பத்தெட்டு. நான்கு பேரில் அதுதான் அதிகம்; சிஸ்டர் சாட்சி. குமரவேலின் விரலில் எண்ணே வரவில்லை. கை சில்லிட்டிருக்கிறது, சூடு பண்ணிவிட்டு அப்புறம் பார்ப்போம் என்று தோர்ஜே போனார்.

ஒரே கூடாரத்தில் நானும் குமரவேலும் சேகர் சாரும். குமரவேல் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய காலையே மறுபடி கட்டினான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "மாமா, கடை சாவிய அண்ணி கிட்டயே குடுத்துட்டேன், மழை வந்தா ஷட்டரு... ஷட்டரு மேல வச்சுடுவாங்க," என்றான்.

அவனுக்கு அண்ணி கிடையாது. அண்ணனே கிடையாது.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நாள் கணக்கில் மூடிக்கிடந்த கிணற்றில் ஆளை இறக்குவதற்கு முன்னால் வாளியில் விளக்கு ஏற்றி இறக்குவோம். விளக்கு அணைந்தால் உள்ளே காற்று இல்லை. விளக்கு எரிந்தும் சில நேரம் கீழே போனவன் சிரிப்பான், சம்பந்தம் இல்லாமல் பேசுவான். இன்னாடா ஆச்சு என்று கேட்டால் ஒண்ணும் இல்லண்ணே என்பான். அவனிடம் கேள்வி கேட்கக் கூடாது. தூக்க வேண்டும். ஒரே ஒரு முறை நாங்கள் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த ஆளின் குடும்பத்துக்கு இன்றைக்கும் பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறேன்.

"சார், இவனக் கீழ எறக்கணும்."

"டயர்டுய்யா கண்ட்ராக்டரே. தூங்கினா சரியாப்பூடும். கைடே ஒண்ணும் சொல்லல."

"கைடுக்குத் தமிழ் தெரியாது சார். இவன் பேசறது இன்னான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

வெளியே வந்து சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் குமரவேலைப் பனியில் நிறுத்தி, ஒரு காலின் குதிகாலுக்கு முன்னால் அடுத்த பாதத்தை ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தான். "உயரம் மூளையத் தாக்கிடுச்சுண்ணே," என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் கைடைக் கூப்பிட்டார். தோர்ஜே ஓடி வந்தார். மாத்திரை கொடுத்தார்கள். உடனே இறங்க வேண்டும், விடியும் வரை வைத்திருக்க முடியாது என்றார் தோர்ஜே. கிஷன் அவனைக் கூட்டிப் போவார்.

குமரவேல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். கிஷன் கையைப் பிடித்தார், உதறினான். "நான் கூட்டினு போறேண்ணே, நான் நர்ஸு," என்று சிஸ்டர் குனிந்தார். "ஊசி போட வந்துட்டாங்க" என்று அவரைத் தள்ளிவிட்டான். நான் போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். "எழுந்திருடா!" எழுந்தான். பத்தடி நடந்தான். நான் நின்றேன், அவனும் நின்று மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

இப்போது கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. கிஷன் போனால் தோர்ஜே மட்டும். அவர் கயிற்றில் இரண்டு பேர். நாங்கள் மூன்று பேர்.

 சிஸ்டர் மறுபடி நான் போகிறேன் என்றார். மூன்று மாதம் அலைந்து லீவு வாங்கி, வார்டில் இரவு ட்யூட்டி முடித்த கையோடு ராஜகிரி ஏறியவர் அவர். அவரைத் தள்ளிவிட்டவனை அவர் எப்படி இறக்குவார்? நான் சேகர் சாரைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்தார். நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மலரில் இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: நான் காத்திருந்தேன். எனக்கு அந்த உச்சி வேண்டும். அறுபத்தொரு வருடத்தில் நான் மேலே ஏறிப் பார்க்கக் கிடைத்த ஒரே இடம் அது. மற்றதெல்லாம் கீழே இறங்கின வேலை. சேகர் சார் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நீங்க சார கூட்டினு மேல போங்க. அந்தப் பையில மல்லாட்ட உருண்ட கீது, பாக்கெட்டுல போட்டுக்குங்க. அங்க வேற எதுவும் எறங்காது."

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்கவில்லை. தலை வலிக்கவில்லை. நானாகப் போனேன்.

வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினோம். முன்னால் கிஷன், நடுவில் குமரவேல், பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். அவன் உட்கார்ந்த போதெல்லாம் திட்டினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் முன்னால் சொல்ல முடியாத வார்த்தையெல்லாம் சொன்னேன். கிஷனுக்குப் புரியாவிட்டாலும் ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பனி முடிந்து கல் ஆரம்பித்து, ஓடைச் சத்தம் கேட்கிற இடம் வந்ததும் குமரவேல் நின்றான்.

"மாமா. நாம ஏன் கீழ போய்க்கினு கீறோம்?"

"உனக்கு அண்ணி உண்டாடா?"

"இன்னா மாமா உளறிக்கினு? எனக்கு ஏது அண்ணி?"

நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கிஷன் தண்ணீர் கொடுத்தார். குமரவேல் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "மாமா, உங்களுக்குத்தான் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் வயர்லெஸ் பேசியது. உச்சியில் இரண்டு பேரும் நிற்பதாகத் தோர்ஜே சொன்னார். பிறகு சிஸ்டர் பேசினார். காற்றுச் சத்தத்தில் பாதிதான் கேட்டது: "அண்ணே... உருண்ட மட்டும்தான்ணே எறங்குச்சு." சமையல்காரர் தட்டைத் தட்டினார். குமரவேல் அழுதான். நான் மேலே பார்த்தேன். மேகம் வந்துவிட்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. ராஜ்மா சோறு இரண்டு தட்டு சாப்பிட்டேன். எதற்காகச் சாப்பிடாமல் இருக்க வேண்டும்?

திண்டிவனம் ஸ்டேஷனில் மேளம், மாலை, பிளெக்ஸ். பிளெக்ஸில் சேகர் சார் பனிக்கோடாரியோடு, பக்கத்தில் சிஸ்டர். நான் ஓரத்தில், பஸ்ஸிலிருந்து பெட்டி இறக்குகிற படம். சரி, பிளெக்ஸ் ஒரு மழைக்குப் போய்விடும். ஆனால் போன மாதம் சங்கக் கட்டிடத்தில் கிரானைட் கல் பதித்தார்கள். "இமயம் வென்றவர்கள்" என்று இரண்டு பெயர். அதன் கீழே, கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில் என் பெயர்: "ஒத்துழைப்பு: கலியபெருமாள் மற்றும் பலர்."

சேகர் சாரிடம் கேட்டேன்.

"உச்சி தொட்டவங்க பேருதான் போடறது வழக்கம், கண்ட்ராக்டரே."

"யார் போட்ட வழக்கம் சார் அது? நமக்கு இது மொத ஏத்தம்."

"வீணா பேஜாரு பண்ணாதீங்க. ஒத்துழைப்புன்னு போட்டுக்கீதே."

சிஸ்டர் கல் திறந்த கூட்டத்திலேயே எழுந்து, என் பெயரைக் கீழே ஒதுக்கிய கல்லில் தன் பெயரும் வேண்டாம் என்றார். அது அவர் பெருந்தன்மை. எனக்கு அவர் பெயர் அழிய வேண்டாம். சேகர் சார் பெயரும் இருக்கட்டும். அவர் காலால் ஏறியது பொய்யில்லை.

ஆனால் நான் ஒத்துழைக்கவில்லை. ஒத்துழைத்தவர்கள் அவர்கள். இரண்டு கைடு வேண்டாம் என்றவர்களை வைத்துக்கொண்டு இரண்டு கைடு வைத்தது நான். ஒரே கைடோடு போயிருந்தால் அன்று சாயங்காலம் நாலு பேரும் கீழே இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவனைக் கூடாரத்தில் போட்டுவிட்டு மேலே போயிருக்க வேண்டும். இரண்டில் எது நடந்திருந்தாலும் கிரானைட்டுக்கு வேலை இருந்திருக்காது. உச்சியில் அவர்கள் நின்ற இடம் என்னுடைய இடம். நான் கொடுத்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுத்தவன் பெயரைக் கேட்கிறேன்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு: அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் அந்தக் கல்லை எடுங்கள். புதுக்கல்லில் மூன்று பெயர் வெட்டுங்கள். மூன்றாவதாக இப்படி: "இந்த ஏற்றத்தைத் திட்டமிட்டு நடத்தியவர், மேல் முகாமிலிருந்து ஓர் உயிரைக் கீழே கொண்டுவந்தவர், கிணறு கண்ட்ராக்டர் கலியபெருமாள்." மற்றவர்கள் பெயருக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவு. பெரிதாக வேண்டாம். சிறிதாக இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இந்த வரியைத் திருத்தாதீர்கள்.